துருக்கியும் நாமும்: நம் முன்னோர் கொடுத்த பணத்தின் கதை

கடந்த சில ஆண்டுகளாக நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் துருக்கித் தொடர்களை விரும்பிப் பார்க்கிறார்கள். எர்துருல், உஸ்மான், சுல்தான் சுலைமான் ஆகிய பெயர்கள் இன்று அஞ்செட்டியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும். தொடரைப் பார்த்து முடித்ததும் வீட்டில் கேள்வி வருகிறது. துருக்கியர் என்பவர்கள் யார்? நம்மை ஏன் துலுக்கர் என்று சொல்கிறார்கள்? நாம் அவர்கள் வழி வந்தவர்களா? கிலாபத் என்றால் என்ன, அது எப்படி முடிந்தது?

இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் பெற்றோர் தடுமாறக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். துருக்கியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதில் நம் முன்னோருக்கு இருந்த பங்கைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். அந்தப் பங்கு பெரும்பாலும் பணமாகவும் உழைப்பாகவும் கொடுத்த பங்கு. பொதுப்பணத்தைக் கையாளும் எங்களைப் போன்றவர்களுக்கு அதில் பெரிய பாடம் இருக்கிறது.

பெயர் வந்த வழி

துருக்கர் என்ற சொல்லே தமிழில் துலுக்கர் ஆயிற்று. எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு மூன்று மொழிகளும் பழக்கம்; தெலுங்கில் துரக என்றும் கன்னடத்தில் துருக என்றும் அதே சொல்தான் வழங்குகிறது. வடக்கே தில்லியை ஆண்ட சுல்தான்களில் பலர் துருக்கிய இனத்தவர். அவர்களின் படைகள் தெற்கே வந்தபோது அந்த இனப்பெயரை மக்கள் முஸ்லிம்கள் எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் சன்னதி உண்டு. நம் பக்கத்துத் தோட்டங்களில் பூக்கும் துலுக்கச் செவ்வந்தி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. வெளியிலிருந்து வந்தது என்பதால் அதற்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதைவிட வியப்பானது சோனகர் என்ற பழைய பெயர். யவனர் என்ற சொல்லின் திரிபே சோனகர் என்பது மொழி அறிஞர்கள் பலரின் கருத்து. யவனர் என்ற சொல்லோ அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. அந்த அயோனியா இன்றைய துருக்கியின் மேற்குக் கடற்கரை. ஆக, தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய இரண்டு பழைய பெயர்களும் ஏதோ ஒரு வகையில் துருக்கியைத் தொட்டு நிற்கின்றன.

வீட்டில் தக்னி உருது பேசும் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு செய்தி. உருது என்ற சொல்லே படைமுகாமைக் குறிக்கும் துருக்கியச் சொல். கைஞ்சி, பேகம், பாஜி, அடுப்பில் கொதிக்கும் குருமா, கீமா எல்லாம் துருக்கிய மூலம் கொண்டவை. தமிழில் துப்பாக்கி என்கிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் பெயரை வைத்து வம்சத்தை முடிவு செய்ய முடியாது. அரபு வணிகர்களோடு மணஉறவு கொண்டவர்கள், இம்மண்ணிலேயே பிறந்து இஸ்லாத்தை ஏற்றவர்கள், தக்காணத்திலிருந்தும் மைசூரிலிருந்தும் குடிபெயர்ந்தவர்கள் என்று நம் சமுதாயம் பல வழிகளில் உருவானது. துலுக்கன் என்று யாராவது ஏளனமாகச் சொன்னால் பிள்ளைகள் மனம் உடைய வேண்டாம். அது ஒரு மக்களினத்தின் பெயர். நம் வேர் இந்த மண்ணில் இருக்கிறது.

நபிமார்களின் நினைவு பதிந்த நிலம்

துருக்கியர்கள் இன்றைய துருக்கிக்கு வந்தது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். அனதோலியா எனப்படும் அந்த நிலத்தின் கதையோ மிகப் பழையது. தென்கிழக்கே உர்ஃபா நகருக்கு அருகிலுள்ள கோபெக்லி தெப்பேயில் 11,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கல்தூண்கள் நிற்கின்றன. மனிதன் பானை செய்யக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எழுப்பிய தூண்கள் அவை. அந்த உர்ஃபாதான் இப்ராஹீம் (அலை) அவர்கள் பிறந்த ஊர் என்பது அங்குள்ள மக்களின் நம்பிக்கை. நூஹ் (அலை) அவர்களின் கப்பல் தங்கியதாகக் குர்ஆன் கூறும் ஜூதி மலையையும் அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில்தான் காட்டுகிறார்கள்.

பிறகு ஹிட்டைட் மக்கள் பேரரசு அமைத்தார்கள். கி.மு. 1259 அளவில் அவர்கள் எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸுடன் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தம், எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சமாதான ஒப்பந்தங்களில் ஒன்று. களிமண் பலகையில் எழுதிய அதன் படி இன்றும் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேற்கே லிடியா நாட்டில் உலகின் முதல் நாணயங்கள் அச்சிடப்பட்டன. பாரசீகர், கிரேக்கர், ரோமர் என்று ஆட்சிகள் மாறின. கி.பி. 330-ல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் தன் பெயரில் புதிய தலைநகரை அமைத்தான். அந்தக் கான்ஸ்டான்டிநோபிள்தான் இன்றைய இஸ்தான்புல்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது தங்கள் வீட்டில் தங்க வைத்த அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள், முதிய வயதில் இந்நகரை முற்றுகையிட்ட படையோடு வந்து அங்கேயே மறைந்தார்கள். அவர்கள் பெயரால் அமைந்த அய்யூப் பகுதிக்கு இன்றும் மக்கள் திரளாகச் செல்கிறார்கள்.

செல்ஜூக்கியரும் உஸ்மானியரும்

துருக்கியரின் பூர்வீகம் மத்திய ஆசியப் புல்வெளிகள். குதிரையும் ஆட்டு மந்தையும் கூடாரமும் அவர்கள் வாழ்க்கை. இஸ்லாத்தை ஏற்ற பிறகு அவர்களில் செல்ஜூக் குலத்தார் மேற்கே நகர்ந்து, 1071-ல் மன்சிகர்ட் போரில் பைசாந்தியப் பேரரசனை வென்றார்கள். அனதோலியாவின் கதவு அன்று திறந்தது. அவர்களின் தலைநகரான கோன்யாவில்தான் மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) வாழ்ந்து 1273-ல் மறைந்தார்கள்.

மங்கோலியரிடம் செல்ஜூக்கியர் தோற்றபின் சிறு சிறு தலைவர்கள் எழுந்தார்கள். அவர்களில் ஒருவரே உஸ்மான். அவருடைய தந்தை எர்துருலைப் பற்றி வரலாற்றில் உறுதியாகக் கிடைப்பது மிகக் குறைவு. தொடரில் வரும் சண்டைகளும் சதிகளும் உரையாடல்களும் கதாசிரியரின் கற்பனை. பொழுதுபோக்காகப் பார்ப்பதில் தவறில்லை; அதையே வரலாறு என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது.

1299 அளவில் தொடங்கியதாகச் சொல்லப்படும் உஸ்மானிய அரசு 1402-ல் தைமூரிடம் தோற்றுச் சிதறியது. மீண்டும் எழுந்து 1453-ல், 21 வயது சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ் தலைமையில் கான்ஸ்டான்டிநோபிளை வென்றது. 1517-ல் சுல்தான் சலீம் எகிப்தைக் கைப்பற்றியபின் மக்கா, மதீனாவின் பாதுகாப்பும் அவர்கள் பொறுப்பில் வந்தது. அதன்பிறகு நம் நாட்டு ஹாஜிகள் உஸ்மானிய ஆட்சியின் கீழிருந்த நிலத்தில்தான் ஹஜ் செய்தார்கள். உஸ்மானிய சுல்தானை இந்திய முஸ்லிம்கள் தங்களுக்கும் உரியவராக எண்ணியதற்கு இது முக்கியக் காரணம்.

ஓர் அரசியின் சமையற்கூடம்

போர்களை விட்டுவிட்டு ஒரு சமையற்கூடத்தைப் பார்ப்போம். சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தானைத் தொடரில் சூழ்ச்சிக்காரியாகக் காட்டுகிறார்கள். அடிமையாகக் கொண்டுவரப்பட்டு அரசியானவர் அவர். 1550-களின் தொடக்கத்தில் அவர் பைத்துல் முகத்தஸ் நகரில் ஏழைகளுக்கு உணவளிக்க ஒரு வக்ஃபு ஏற்படுத்தினார். நாளுக்கு இரண்டு வேளை, சுமார் 500 பேருக்குச் சாப்பாடு. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி, கூடவே ரொட்டி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவர் எழுதி வைத்த வக்ஃபு ஆவணம். எந்தெந்த ஊரின் வருமானம் இதற்கு வரவேண்டும், எத்தனை பேர் வேலை செய்ய வேண்டும், ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, கஞ்சியில் என்னென்ன போட வேண்டும், ஒருவருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. அக்காலத்து வக்ஃபு ஆவணங்களின் முடிவில், இதை மாற்றி அமைப்பவர்கள் மீது சாபம் எழுதி வைப்பதும் வழக்கம். அந்தப் பேரரசு போய் நூறு ஆண்டுகள் ஆயின. ஜெருசலத்தில் அந்தச் சமையற்கூடம் நம் காலம் வரையும் ஏழைகளுக்குச் சோறு போட்டு வந்திருக்கிறது.

திப்பு சுல்தான் அனுப்பிய தூது

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி உள்ளிட்ட நம் பகுதி 1799 வரை மைசூர் அரசைச் சேர்ந்திருந்தது. கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமஹால் 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆகவே திப்பு சுல்தானின் கதை நம் ஊர்க் கதை.

1786-ல் திப்பு, குலாம் அலி கான் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் அடங்கிய தூதுக்குழுவைக் கப்பல்களில் அனுப்பினார். மஸ்கட், பஸ்ரா, பக்தாத் வழியாக அவர்கள் 1787-ல் இஸ்தான்புல் சேர்ந்தார்கள். தன் ஆட்சிக்குச் சுல்தானின் அங்கீகாரம், ஆங்கிலேயருக்கு எதிராக உதவி, தொழில் தெரிந்த கைவினைஞர்கள் ஆகியவற்றைத் திப்பு கேட்டார். பஸ்ரா துறைமுகத்தில் தனக்கு இடம் கொடுத்தால் மங்களூரில் இடம் தருவதாகவும் சொல்லியனுப்பினார். முதலாம் அப்துல் ஹமீத் மரியாதையோடு வரவேற்றார். ஆனால் படை உதவி கிடைக்கவில்லை. அப்போது உஸ்மானியர் ரஷ்யாவுடன் போரில் இறங்கியிருந்தார்கள். ஆங்கிலேயரைப் பகைத்துக்கொள்ள அவர்களால் முடியாது. போனவர்களில் பெரும்பாலோர் நோயிலும் கடலிலும் இறந்தார்கள். சிலரே ஊர் திரும்பினார்கள்.

1798-ல் நெப்போலியன் எகிப்துக்குள் நுழைந்தபோது சுல்தான் மூன்றாம் சலீம், பிரெஞ்சுக்காரரை நம்ப வேண்டாம் என்று திப்புவுக்குக் கடிதம் எழுதினார். அது ஆங்கிலேயர் கை வழியாகவே திப்புவிடம் வந்தது. அடுத்த ஆண்டு மே 4-ஆம் தேதி திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீரமரணம் அடைந்தார். அரசுகள் தங்கள் தேவையைப் பார்த்தே முடிவெடுக்கின்றன. ஒரே மார்க்கத்தவர் என்பதால் மட்டும் படை வந்துவிடாது. உணர்ச்சிவசப்பட்டுப் பேசும் நம் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ரயில் பாதையும் மருத்துவக் குழுவும்

அரசர்கள் செய்யாததைச் சாதாரண மக்கள் செய்தார்கள். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஹாஜிகளுக்காக ரயில் பாதை போட 1900-ல் நன்கொடை கேட்டார். தன் சொந்தப் பணத்தையும் கொடுத்தார். உலகெங்கும் இருந்து பணம் வந்தது; இந்திய முஸ்லிம்களும் திரட்டி அனுப்பினார்கள். கொடுத்தவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. சுமார் 1,300 கிலோமீட்டர் பாதை 1908-ல் மதீனாவை எட்டியது. கேட்ட காரியத்துக்கே பணம் செலவானது என்பதற்கு அந்த ரயிலே சாட்சி.

1912-ல் பால்கன் போரில் துருக்கி அடிபட்டபோது, தில்லி மருத்துவர் முக்தார் அஹ்மத் அன்சாரி ஒரு மருத்துவக் குழுவை அழைத்துக்கொண்டு பம்பாயிலிருந்து கப்பலேறினார். மக்கள் கொடுத்த பணத்தில் மருந்தும் கருவிகளும் வாங்கிப் போய், மாதக்கணக்கில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து 1913-ல் திரும்பினார்கள். அந்த அன்சாரிதான் 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்.

கிலாபத் இயக்கமும் அதன் பணமும்

முதல் உலகப்போரில் துருக்கி தோற்றது. வென்ற நாடுகள் அதைத் துண்டு போடத் தொடங்கின. கலீஃபாவின் பதவியும் புனித இடங்களும் என்னவாகும் என்ற கவலையில் 1919-ல் கிலாபத் இயக்கம் எழுந்தது. முஹம்மத் அலி, ஷவ்கத் அலி சகோதரர்கள் நடத்தினார்கள். காந்தியடிகள் துணை நின்றார். தமிழகத்தில் யாகூப் ஹசன் சேட் முன்னின்றார். 1920 ஆகஸ்டில் காந்தியும் ஷவ்கத் அலியும் சென்னை, திருச்சி, சேலம், பெங்களூர் என்று சுற்றி வந்தார்கள். சேலமும் பெங்களூரும் நமக்கு இரு பக்கமும் உள்ள ஊர்கள். கூட்டங்களில் இந்துச் சகோதரர்களும் திரளாகக் கலந்துகொண்டார்கள்.

அங்காரா நிதி, ஸ்மிர்னா நிதி என்ற பெயர்களில் பணம் குவிந்தது. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அலி சகோதரர்களின் தாயார், பீ அம்மா என்று அழைக்கப்பட்டவர், தள்ளாத வயதில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார்.

அந்தப் பணம் என்ன ஆயிற்று? ஒரு பகுதி துருக்கிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு பகுதி சேரவில்லை. மத்திய கிலாபத் கமிட்டியின் தலைவராக இருந்த பம்பாய் வணிகர் சேட் சோட்டானியின் வியாபாரத்தில் நிதியின் பல லட்சம் ரூபாய் சிக்கிக்கொண்டது. பணத்துக்குப் பதிலாகத் தன் மரம் அறுக்கும் ஆலைகளைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. இயக்கத்தின் நற்பெயர் அதோடு சரிந்தது. அந்தப் பணத்தில் எத்தனையோ தாய்மாரின் வளையலும் மூக்குத்தியும் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

துருக்கிக்குப் போன பணத்தின் முடிவும் கொடுத்தவர்கள் நினைத்தபடி இல்லை. முஸ்தபா கமால் 1922-ல் சுல்தான் பதவியையும், 1924 மார்ச் 3-ல் கிலாபத்தையும் ஒழித்தார். அதே 1924-ல் தொடங்கப்பட்ட துருக்கியின் இஷ் வங்கிக்கு அவர் போட்ட மூலதனம் இந்திய முஸ்லிம்கள் அனுப்பிய பணத்திலிருந்து வந்தது. கிலாபத்தைக் காக்கக் கொடுத்த காசு, கிலாபத் போன ஆண்டிலேயே ஒரு வங்கிக்கு முதலாயிற்று.

குடியரசுத் துருக்கி

1923 அக்டோபர் 29-ல் துருக்கி குடியரசானது. தலைநகர் அங்காராவுக்கு மாறியது. 1928-ல் அரபு எழுத்து நீக்கப்பட்டு லத்தீன் எழுத்து வந்தது. 1932 முதல் 1950 வரை பாங்கு துருக்கி மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. பெண்கள் 1934-ல் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை பெற்றார்கள். எழுத்தறிவு பெருகியது, ஆனால் பாட்டனார் எழுதிய கடிதத்தையும் கப்ரு கல்லையும் பேரன் படிக்க முடியாத நிலையும் உண்டானது. தொழில், கல்வி, சுற்றுலா ஆகியவற்றில் வளர்ந்த நாடாக அது இன்று இருக்கிறது. இடையில் ராணுவப் புரட்சிகளையும் கண்டது. 537-ல் தேவாலயமாகக் கட்டப்பட்ட ஹாகியா சோஃபியா, 1453-ல் பள்ளிவாசலாகி, 1930-களில் அருங்காட்சியகமாகி, 2020-ல் மறுபடி பள்ளிவாசலானது.

நாடு கடத்தப்பட்ட கடைசி கலீஃபா இரண்டாம் அப்துல் மஜீதுக்கு ஹைதராபாத் நிஜாம் மாதந்தோறும் உதவித்தொகை அனுப்பினார். கலீஃபாவின் மகள் துர்ருஷஹ்வாரும், அதே குடும்பத்து நிலோஃபரும் 1931-ல் நிஜாமின் இரு மகன்களை மணந்து ஹைதராபாத் வந்தார்கள். பிரசவத்தில் தன் பணிப்பெண் இறந்ததைத் தாங்காமல், தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை வேண்டும் என்று நிலோஃபர் வற்புறுத்தியதாகச் சொல்வார்கள். அவர் பெயரிலுள்ள மருத்துவமனையில் இன்றும் ஏழைக் குழந்தைகள் சிகிச்சை பெறுகிறார்கள்.

2023 பிப்ரவரி 6-ல் துருக்கியை நிலநடுக்கம் உலுக்கி 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நம் இந்திய அரசு ‘ஆபரேஷன் தோஸ்த்’ என்ற பெயரில் மீட்புப் படையையும் ராணுவ மருத்துவர்களையும் அனுப்பியது. தோஸ்த் என்ற சொல் உருதுவிலும் துருக்கியிலும் ஒன்றே.

நாம் செய்ய வேண்டியவை

இவ்வளவு நீண்ட வரலாற்றில் பேரரசுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கஞ்சி ஊற்றிய சமையற்கூடமும் குழந்தைகளுக்கான மருத்துவமனையும் அவற்றைத் தாண்டி நின்றன. மனிதர் இறந்த பின்னும் நன்மை தொடரும் ஸதகத்துல் ஜாரியாவுக்கு இவை கண்ணெதிரே உள்ள எடுத்துக்காட்டுகள். ஆனால் கொடுக்கும் மனம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்குக் கிலாபத் நிதியே எடுத்துக்காட்டு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே சகோதர சகோதரிகளுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, எந்தக் காரியத்துக்கு நிதி கேட்டு வந்தாலும் எதற்கு, யார் பொறுப்பு, கணக்கு எப்போது காட்டப்படும் என்று கேளுங்கள். தூரத்து நாட்டின் பெயரைச் சொல்லிக் கைபேசியில் வரும் வேண்டுகோள்களை விசாரிக்காமல் பணம் அனுப்பாதீர்கள். எங்கள் அறக்கட்டளையிடமும் கேளுங்கள். கேட்பது சந்தேகம் ஆகாது. அது கொடுத்தவரின் உரிமை, வாங்கியவருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, பள்ளிவாசல், கப்ருஸ்தான், வக்ஃபு நிலங்கள் பற்றிய பழைய பத்திரங்கள் சில வீடுகளில் பெட்டிக்குள் இருக்கலாம். உருதுவிலோ கன்னடத்திலோ எழுதியிருந்தால், படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே படித்துத் தமிழில் எழுதி, ஜமாஅத்தில் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். எழுத்து மாறியதால் ஒரு தலைமுறை தன் பாட்டனார் எழுதியதைப் படிக்க முடியாமல் போனதைத் துருக்கியில் பார்த்தோம்.

மூன்றாவது, பிள்ளைகள் தொடர் பார்க்கும்போது பெற்றோரும் பக்கத்தில் உட்காருங்கள். எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்துச் சொல்லுங்கள். வாள் பிடித்தவர்களோடு நின்றுவிடாமல் ஹுர்ரம் சுல்தானின் சமையற்கூடத்தையும், மருந்துப் பெட்டியோடு கப்பலேறிய அன்சாரியையும் அவர்களுக்கு அறிமுகம் செய்யுங்கள்.

நம் முன்னோர் தூய எண்ணத்தோடு கொடுத்த ஒவ்வொரு காசையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! நம் கைகளில் இருக்கும் அமானிதத்தை ஒழுங்காகக் காத்து, கணக்கோடு ஒப்படைக்கும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.